மிடியில் கிதார்: ஆறு தந்திக்குள் எழுதுவது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பகுதிகளில் வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக்கூடமாக்கி, காவடிப் பாடல்களுக்கும் கல்யாண மண்டபங்களில் பாடும் குழுக்களின் பின்னணித் தடங்களுக்கும் இசை சேர்த்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணினியில் மிடி (சுரங்களை எண்களாக எழுதிக் கருவிகளுக்குச் சொல்லும் முறை) வழியாக எழுதும் டிரம்ஸும் பியானோவும் வயலின் கூட்டமும் பெரும்பாலும் காதை உறுத்தாமல் கடந்துவிடுகின்றன. கிதார் மட்டும் நாலு ஆவர்த்தனத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. கிதார் விஷயத்தில் இந்த ஊர்க் காது அவ்வளவு எளிதில் ஏமாறாது. ஜூலு மக்களின் மஸ்கண்டா கிதாரும், மின்கிதாரை முன்னே நிறுத்திய ம்பகாங்கா இசையும் டாக்சிகளிலும் கடைவாசல்களிலும், டர்பனிலிருந்தே ஒலிபரப்பாகும் உகோசி எஃப்எம் வானொலியிலும் தலைமுறைகளாக ஒலித்துவரும் இடம் இது. கிதாரை ஒருநாளும் கையில் எடுக்காதவருக்குக்கூட, எது கையால் வாசித்தது, எது கையே படாதது என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

குறை எங்கே இருக்கிறது என்று கேட்டால், கருவியின் பதிவுசெய்த ஒலிகளைக் கொண்ட ஒலித்தொகுப்பு மலிவானது, இன்னும் விலைகூடியதை வாங்க வேண்டும் என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் (கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பல அழுத்தங்களில் பதிவுசெய்த தொகுப்புகள் இன்று எளிதாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒரு சுரத்தைத் தனியாகத் தட்டிக் கேட்டால் அசல் கிதாரிலிருந்து பிரித்தறிவது கடினம். பத்து சுரங்களைத் தொடர்ந்து வாசிக்கும்போதுதான் பொய் வெளிப்படுகிறது. அப்படியானால் குறை ஒலியில் இல்லை. கையால் வாசிக்கவே முடியாத ஒன்றை எழுதியதில் இருக்கிறது. கிதாரின் அடையாளம் அதன் ஒலியைப் போலவே அதன் தடைகளிலும் இருக்கிறது: ஆறு தந்திகள், தந்திக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம், இடக்கையில் நான்கு விரல்கள், மேலும் கீழுமாக மட்டும் அசையும் வலக்கை. இந்தத் தடைகளை மிடிக்குள் கொண்டுவருவதே கிதாரை எழுதுவது.

மிடி ஏன் இந்தத் தடைகளைத் தானாக அறியாது என்பதற்கு அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) என்னும் இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் புராஃபெட்-600 கருவியும் ரோலண்டின் ஜுபிட்டர்-6 கருவியும் ஒரு கேபிளால் இணைக்கப்பட்டு, ஒன்றில் அழுத்திய கட்டை மற்றதில் ஒலித்துக் காட்டப்பட்டது. இந்த இணைப்புக்காக உழைத்த டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013இல் கிராமியின் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. இணைக்கப்பட்ட இரண்டுமே கட்டைகள் வரிசையாக அமைந்த கருவிகள் என்பதால், அவற்றின் மொழியும் கட்டைகளின் மொழியாகவே அமைந்தது: எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது. கட்டைக்கு 0 முதல் 127 வரை ஓர் எண். அழுத்த வேகத்துக்கு, அதாவது வெலாசிட்டிக்கு, 1 முதல் 127 வரை ஓர் எண்.

பியானோவுக்கு இந்த மொழி ஏறக்குறையப் போதும். சுத்தியல் தந்தியை அடித்த பிறகு வாசிப்பவருக்கு அந்த ஒலியின்மேல் அதிகப் பிடி இல்லை. கட்டையை விடுவதும் பெடலை மிதிப்பதுமே மிச்சம். கிதாரிலோ விரல் தந்தியை விட்டுப் போவதே இல்லை. மீட்டிய பிறகும் இழுக்கலாம், அசைக்கலாம், அடுத்த ஃப்ரெட்டுக்கு நழுவலாம், உள்ளங்கையால் பாதி அமுக்கலாம். ஒலி பிறந்த பின் அதற்கு நேர்வதுதான் கிதாரில் பாதி இசை. எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று வகுத்து 1991இல் வந்த ஜெனரல் மிடி தரப்பாடு 25 முதல் 32 வரை எட்டு எண்களைக் கிதாருக்கு ஒதுக்கியது. அவற்றில் அமுக்கி வாசிக்கும் ஒலிக்கு ஓர் எண்ணும் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸ் ஒலிக்கு ஓர் எண்ணும் உண்டு, 121ஆம் எண்ணில் ஃப்ரெட் உரசல் சத்தத்துக்கே தனி இடமும் உண்டு. வாசிக்கும் முறையைத் தனித்தனி வாத்தியங்களாகப் பிரித்துவைத்த அந்த ஏற்பாடே, சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள் என்று காட்டுகிறது.

இனி தந்திகளுக்கு வருவோம். வழக்கமான சுருதியில் கிதாரின் ஆறு தந்திகள் தடித்ததிலிருந்து மெல்லியதுவரை மிடி எண்களில் 40, 45, 50, 55, 59, 64 ஆகும். இந்த ஆறு எண்களை மனப்பாடம் செய்துகொள்வது எந்த மென்பொருளையும்விடப் பயன் தரும். 45க்குக் கீழே உள்ள எந்தச் சுரமும் ஆறாவது தந்தியில் மட்டுமே கிடைக்கும்; எனவே 40ஐயும் 43ஐயும் ஒரே நேரத்தில் ஒலிக்கவைக்க இந்தச் சுருதியில் எந்தக் கலைஞராலும் முடியாது. கீபோர்டில் இடக்கையை அடிமட்டத்தில் வைத்துக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) பிடித்துப் பழகியவர்கள் இதைத்தான் அடிக்கடி எழுதிவிடுகிறார்கள். அடிப்பகுதி கலங்கிக் குழம்பியதாகக் கேட்பதற்கு, அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் மருந்து தேடுகிறார்கள். நோய் சுரத்தில் இருக்கிறது.

கார்டின் அடுக்கும் அப்படியே. கீபோர்டில் எஃப் மேஜர் கார்டு என்றால் எஃப், ஏ, சி என்னும் மூன்று சுரங்களை நெருக்கமாக வைப்பது இயல்பு. கிதாரில் முதல் ஃப்ரெட்டில் விரலைக் கிடத்திப் பிடிக்கும் அதே கார்டு 41, 48, 53, 57, 60, 65 என்று இரண்டு ஸ்தாயிக்குப் பரவுகிறது. அதில் எஃப் மூன்று முறையும் சி இரண்டு முறையும் வருகின்றன. கார்டு மேஜரா மைனரா என்று சொல்லும் ஏ ஒரே ஒரு முறைதான், அதுவும் நடுவில். திறந்த தந்திகளோடு பிடிக்கும் ஜி மேஜரில் 43, 47, 50, 55, 59, 67 என்று வேறு வகை அடுக்கு: அங்கே ஜி மூன்று, பி இரண்டு, டி ஒன்று. ஒவ்வொரு கார்டும் தனக்கென்று ஒரு கனத்தோடு வருவதற்கு இதுதான் காரணம். மிடிச் சுரங்களை வரைந்து எழுதும் பியானோ ரோல் திரையில் ஒரே அடுக்கை மேலும் கீழும் நகர்த்தி எல்லாக் கார்டுகளையும் செய்துவிட்டால், ஆறு கார்டுகளும் ஒரே முகத்தோடு நிற்கும்.

ஒரே சுரம் பல இடங்களில் கிடைப்பது இன்னொரு சிக்கல். 64ஆம் எண் முதல் தந்தியில் திறந்தபடியும், இரண்டாவது தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலும், மூன்றாவதில் ஒன்பதிலும், நான்காவதில் பதினான்கிலும் கிடைக்கும். நான்கின் நிறமும் வேறு. திறந்த தந்தி பளிச்சென்று நீண்டு ஒலிக்கும். தடித்த தந்தியில் மேலே பிடித்தது உருண்டு, சீக்கிரம் அடங்கும். நல்ல தொகுப்புகள் கை எங்கே இருக்கிறது என்று ஊகித்து இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் அந்த ஊகம் ஒரு வரியின் நடுவில் மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டுக்குத் தாவி மீண்டும் திரும்பினால், ஏன் என்று தெரியாமலே காது சங்கடப்படும். கை இருக்கும் இடத்தை நாமே பூட்டிவைப்பது நல்லது. ஒரே தந்தியில் புதிய சுரம் வந்தால் பழையது அங்கேயே அறுபட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பெடலை மிதித்தபடி பதிவுசெய்த மிடித் தடத்தில் இது நடக்காது, ஒரே தந்தி இரண்டு சுரங்களைச் சேர்ந்து பாடும்.

வலக்கைக்குப் போனால் விஷயம் நேரத்தைப் பற்றியதாகிறது. பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) ஆறு தந்திகளையும் ஒரே கணத்தில் தொடுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது. விறுவிறுப்பான வாசிப்பில் தந்திக்குத் தந்தி 5 முதல் 10 மில்லி விநாடி, நிதானமான பாடலில் 20, 30 மில்லி விநாடிகூட ஆகலாம். நிமிடத்துக்கு 120 தாளம், தாளத்துக்கு 480 டிக் (மென்பொருள் நேரத்தை அளக்கும் சிறு கூறு) என்ற அமைப்பில் ஒரு டிக் ஒரு மில்லி விநாடியைச் சற்றே தாண்டும் என்பதால் கணக்கு எளிது. பழைய ஐந்துமுனை மிடி கேபிளே விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஒரு சுரச் செய்திக்கு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். ஆறு சுரக் கார்டு ஒன்று அந்தக் கேபிளில் போகும்போது தானாகவே ஐந்தாறு மில்லி விநாடி சிதறியது. அந்தக் காலத்து மிடித் தடங்களில் கார்டுகள் சற்று மெத்தென்று கேட்டதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

எஃப்எல் ஸ்டுடியோ போன்ற மென்பொருள்களில் கார்டைச் சிதறவைக்கும் கருவி பியானோ ரோலுக்குள்ளேயே உண்டு. அதை எல்லாக் கார்டுகளுக்கும் ஒரே அளவில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பரவலான வழக்கம், போதாததும் அதுவே. கீழ்நோக்கிய வீச்சு தடித்த தந்தியில் தொடங்கும். மேல்நோக்கிய வீச்சு மெல்லிய தந்தியில் தொடங்கி, பெரும்பாலும் மூன்று நான்கு தந்திகளோடு நின்றுவிடும். தாளம் விழும் இடங்களில் கை கீழே வரும், இடைவெளிகளில் மேலே போகும். ஒலிக்காத இடத்திலும் கை அசைந்துகொண்டேதான் இருக்கும். இந்த ஊசலாட்டத்தைக் குலைத்து, அடுத்தடுத்த எட்டிலொரு பாக சுரங்களுக்கு வேகமான பாடலில் இரண்டு கீழ்வீச்சுகள் எழுதினால் கைக்குத் திரும்பி மேலே வர நேரமே இருக்காது. வெலாசிட்டியும் இதையே பின்பற்ற வேண்டும். கீழ்வீச்சுக்கு 95 முதல் 110, மேல்வீச்சுக்கு 65 முதல் 85 என்று தொடங்குவதும், ஒரே வீச்சுக்குள் முதலில் தொடும் தந்திகளுக்குச் சற்றுக் கூட்டிவைப்பதும் என் வழக்கம். சரியான எண் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும் என்பதால் இதைச் சூத்திரமாகக் கொள்ள வேண்டாம்.

கார்டு மாறும் கணம் இன்னும் நுட்பமானது. இடக்கை ஒரு பிடியிலிருந்து எழுந்து அடுத்த பிடிக்குப் போக நேரம் வேண்டும், வலக்கை நிற்காது. ஆகவே மாற்றத்துக்கு முந்தைய கடைசி மேல்வீச்சில் எந்த விரலும் படாத திறந்த தந்திகள் (55, 59, 64) மெல்லிதாக ஒலித்துவிட்டுப் போகும். இசையியல்படி அந்த மூன்று சுரங்களும் அந்த இடத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். இருந்தும் அவை இல்லாவிட்டால்தான் குறை. 40 அளவு வெலாசிட்டியில் அவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அதுவரை அடித்துவைத்த பெட்டிபோல் இருந்த தடம் மூச்சுவிடத் தொடங்கும். பிடியை இறுக்காமல் தொட்டபடி வீசும் சுருதியற்ற தட்டுகளும், தடித்த தந்திகளில் விரல் நகரும்போது எழும் கீச்சொலியும் இதே வகை. கீச்சொலியை மட்டும் அளவோடு சேர்க்க வேண்டும்: கை நெடுந்தூரம் நகரும் இடங்களில் வந்தால் இயல்பு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் வந்தால் வேடிக்கை.

தனிவரி வாசிப்பில் பிட்ச் பெண்ட் என்னும் சுருதி வளைவுதான் தலைவலி. மிடியில் அது 0 முதல் 16383 வரை, நடு 8192. பெரும்பாலான கருவிகள் அதை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரமாக எடுத்துக்கொள்ளும். நுணுக்கத்துக்குக் குறைவில்லை, ஆனால் அது சேனல் முழுவதையும், அதாவது அந்த மிடி வழியில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும், வளைக்கும். கிதாரில் ஒரு தந்தியை இழுக்கும்போது பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்பதே அழகு. இதற்காகத்தான் ஒவ்வொரு தந்திக்கும் தனி பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) வைத்த கிதார் சிந்தசைசர்கள் தந்திக்கு ஒரு சேனலாக ஆறு சேனல்களை அனுப்பின. 2018இல் தரப்படுத்தப்பட்ட எம்பிஇ முறையும் சுரத்துக்கு ஒரு சேனல் என்ற அதே யோசனையின் வளர்ச்சிதான். கையால் எழுதுபவர் குறைந்தது இழுபடும் தந்தியையாவது தனிச் சேனலில் வைத்தாக வேண்டும்.

வளைவின் வடிவத்திலும் கையின் தடை தெரிய வேண்டும். ஃப்ரெட்டில் அழுத்திய தந்தியை இழுத்தால் சுருதி ஏறத்தான் முடியும். இறங்குவது என்றால் முன்பே இழுத்துவைத்ததை விடுவதுதான். கீபோர்டின் மாடுலேஷன் சக்கரம் தரும் அசைவு சுரத்துக்கு மேலும் கீழும் சமமாக ஆடுவதால்தான் அது கிதாராகக் கேட்பதில்லை. இழுத்து அசைக்கும் கை சுரத்திலிருந்து மேலே போய்த் திரும்புகிறது, அதுவும் சற்றுப் பொறுத்துத் தொடங்குகிறது. நழுவல் இதற்கு நேர்மாறு: விரல் ஃப்ரெட்டுகளைக் கடந்து போவதால் சுருதி அரைச்சுரப் படிகளாக ஏற வேண்டும். அதை வழுவழுப்பான ஒரே கோடாக வரைந்தால் ஃப்ரெட் இல்லாத ஹவாய் கிதாராகிவிடும்.

நம் பக்திப்பாடல்களில் கிதார் கமகத்தைத் தொட முயலும்போது இது இன்னும் கூர்மையாகிறது. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைவது. காந்தாரத்தை நடுவில் வைத்தால் கீழே இரண்டு அரைச்சுரம், மேலே இரண்டு அரைச்சுரம். பிட்ச் பெண்டின் இயல்பான எல்லைக்குள் அச்சாகப் பொருந்தும். கீபோர்டில் சக்கரத்தை ஆட்டி வாசிப்பவர் அப்படித்தான் செய்வார். கிதார்க் கலைஞருக்கோ காந்தாரத்திலிருந்து கீழே வளைக்க வழியில்லை. ரிஷபத்தைப் பிடித்துக்கொண்டு மேலே இழுக்க வேண்டும், அல்லது நழுவ வேண்டும். நான்கு அரைச்சுர இழுப்பு மிகவும் கடினம் என்பதால் பலர் நழுவலைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அப்போது அசைவு படிப்படியாகக் கேட்கும். மிடியில் இரண்டில் எதையும் எழுதலாம். ஆனால் எந்தச் சுரத்தில் மீட்டல் விழுகிறது, எது மீட்டாமல் வந்து சேர்கிறது என்பதை முதலில் முடிவுசெய்யாமல் வரைந்த வளைவு வீணையும் ஆகாது, கிதாரும் ஆகாது.

ஒலியை உண்டாக்கும் வழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு வழி, பதிவுசெய்த சாம்பிள்கள். அதில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினால் ஒரே பதிவு திரும்பி வந்து இயந்திரத் துப்பாக்கிபோல் கேட்கும் என்பதால், ஒவ்வொரு சுரத்துக்கும் பல பதிவுகளை வைத்துச் சுழற்றும் ரவுண்ட் ராபின் முறை வந்தது. அமுக்கல், ஹேமர்-ஆன் (மீட்டாமல் இடக்கை விரலால் தட்டி ஒலிப்பது), நழுவல் முதலியவற்றை மாற்ற, கிதாரின் எல்லைக்கு வெளியே உள்ள கட்டைகளைக் கீ-சுவிட்சுகளாக ஒதுக்குவார்கள். நம் கல்யாணக் குழுக்களில் பழக்கமான யமஹா அரேஞ்சர் கீபோர்டுகளின் மெகா வாய்ஸ் ஒலிகள் இதையே வேறு விதமாகச் செய்கின்றன: வெலாசிட்டியின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வாசிப்பு முறையை அழைக்கும். அவை ஸ்டைல் எனப்படும் தயார் பின்னணி வடிவங்களுக்குள் எழுதிவைப்பதற்காகவே அமைந்தவை. மேடையில் கையால் வாசித்தால் சற்று அழுத்தம் கூடிய இடத்தில் திடீரென்று நழுவல் சத்தம் குறுக்கிடும்.

மற்ற வழி, தந்தியையே கணக்காக்குவது. கெவின் கார்ப்ளஸும் அலெக்சாண்டர் ஸ்ட்ராங்கும் 1983இல் வெளியிட்ட முறையில், ஒரு கணநேர இரைச்சலைத் தாமதச் சுற்று ஒன்றில் சுழலவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த மதிப்புகளைச் சராசரியாக்குகிறார்கள். மேல் அதிர்வுகள் முதலில் மறைந்து, மீட்டிய தந்தி அடங்குவதுபோன்ற ஒலி பிறக்கிறது. தடித்த ஆறாவது தந்தியின் 82.41 ஹெர்ட்சுக்கு, விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் அந்தச் சுற்றின் நீளம் ஏறக்குறைய 535 மாதிரிகள். மெல்லிய தந்திக்கு வெறும் 134க்கு அருகே என்பதால், முழு எண்ணாக வெட்டினால் சுருதி பிசகும். டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் அதே ஆண்டில் இந்த முறைக்குச் செய்த விரிவாக்கங்கள் இதையும் சரிசெய்தன. இவ்வகைக் கருவிகளில் இரண்டு மீட்டல்கள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதைத் தவிர்ப்பது எளிது. இருந்தாலும் மரப்பெட்டியின் குணத்தைப் பொறுத்தவரை நல்ல சாம்பிளுக்கே என் வாக்கு.

எந்த வழியை எடுத்தாலும், கடையில் விற்கும் தொகுப்புகளும் அவற்றோடு வரும் தயார் வீச்சு வடிவங்களும் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ராக், பாப், ஃபோக் வாசிப்பை மனத்தில் வைத்தவை. டர்பனில் இது உடனே முட்டுகிறது. ஜூலு மொழியில் இசிகின்சி எனப்படும் கிதாரில் வளர்ந்த மஸ்கண்டாவுக்கு வீச்சு மையமே இல்லை. கார்டுகளை வீசி வாசிக்கும் பழைய முறை உகுவாம்பா. அதற்குப் பிறகு வந்து நிலைத்த உகுபிகா முறையில் கட்டைவிரல் அடித்தந்திகளில் ஒரு வரியையும், ஆள்காட்டி விரல் மேல்தந்திகளில் வேறொரு வரியையும் பின்னிக்கொண்டே போகும். புசுஷுகேலா என்று புகழ்பெற்ற ஜான் பெங்குவோடு இந்த முறையைச் சேர்த்துப் பேசுவது மரபு. டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்த மடாலா குனேனேயும், தெருக்கலைஞர்களிடம் இதைக் கற்று சிபோ ம்சுனுவோடு ஜுலுகா குழுவை நடத்திய ஜானி கிளெக்கும் இந்தக் கிதாரை வெளியுலகுக்கும் எடுத்துச் சென்றார்கள். கேட்டோ மேனர் நம்மவர்கள் காய்கறித் தோட்டம் வைத்திருந்த மேடு என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த ஒலி அண்டை வீட்டு ஒலி.

இதை மிடியில் எழுத வேண்டுமானால் முதலில் மாறுவது சுருதி. மஸ்கண்டாவில் முதல் தந்தியை ஈ (E) சுரத்திலிருந்து டி (D) சுரத்துக்கு இறக்கிக்கொள்வது வழக்கம். அப்போது தந்திகள் 40, 45, 50, 55, 59, 62 ஆகின்றன. மேலிரண்டு தந்திகளின் இடைவெளி ஐந்து அரைச்சுரத்திலிருந்து மூன்றாகக் குறுகுவதால், விரல் எட்டும் சுரங்களும் திறந்தபடி ஒலிக்கும் சுரங்களும் மாறிவிடுகின்றன. சுருதி மாற்ற இடம்தரும் தொகுப்பானால் அதை அங்கேயே அமைக்கலாம்; இல்லையேல் முதல் தந்தியின் சுரங்களை மட்டும் தனித் தடமாகப் பிரித்து, இரண்டாவதாகத் திறந்த அதே தொகுப்பில் இரண்டு அரைச்சுரம் இறக்கி வாசிக்கவிட வேண்டும்.

அடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு தடங்களாகப் பிரிப்பது. இதைச் செய்யாதவரை உகுபிகா பிடிபடாது என்றே சொல்வேன். கட்டைவிரல் வரியைத் தாளக் கோட்டுக்கு நெருக்கமாக வைத்து, வெலாசிட்டியில் அதிக ஏற்றத்தாழ்வு இல்லாமல் ஓடவிடலாம், அது நடை. ஆள்காட்டி விரல் வரி அடிச்சுரங்களின் இடைவெளிகளில் விழுவதால், ஒரே கிதார் இரண்டாகக் கேட்கிறது. அந்த வரிக்குக் கோட்டிலிருந்து சில மில்லி விநாடிகள் விலக வேண்டும், ஆனால் கண்டபடி விலகக்கூடாது. மென்பொருளில் உள்ள ஹியூமனைஸ் பொத்தான் சுரங்களை எழுந்தமானத்துக்குச் சிதறடிக்கும். மனிதக் கை அப்படிப் பிசகுவதில்லை. ஒரு கலைஞர் குறிப்பிட்ட ஒரு சுரத்தை ஒவ்வொரு சுற்றிலும் சற்று முந்தியோ பிந்தியோதான் வைப்பார். அந்த மாறாத விலகல்தான் அவருடைய நடை. ஆகவே ஒரு சுற்றுக்கு விலகலைக் கையால் அமைத்து, அதையே அடுத்த சுற்றுகளுக்கும் கொண்டுபோய், நான்காவது எட்டாவது சுற்றுகளில் ஓரிரு சுரங்களை மட்டும் மாற்றுவது உண்மைக்கு நெருக்கமானது.

மஸ்கண்டாப் பாடலின் தலையில் வரும் இசிஹ்லாபோ என்னும் தொடக்க ஓட்டம் வேறு விதம். தாளம் தொடங்குமுன் கிதார் தன் சுரங்களை வேகமாக உதிர்த்து, இன்ன சுருதி, இன்ன கை என்று அறிவிக்கும் பகுதி அது. ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு அதன் வேலை விளங்கும். இதைக் கோட்டில் வைத்து எழுதவே கூடாது. மெட்ரோனோமை நிறுத்திவிட்டு, கீபோர்டிலாவது கையால் வாசித்துப் பதிவுசெய்து, பிறகு தந்திகளுக்குப் பொருந்தாத சுரங்களை மட்டும் திருத்துவதே வழி. பிக்கால் மீட்டிய சாம்பிளை இங்கே பயன்படுத்துவதைவிட விரலால் மீட்டியதைத் தேடுவது நல்லது. மீட்டலின் முதல் கணம் இரண்டிலும் வெவ்வேறு.

மின்கிதாராக இருந்தால், ஆம்ப்ளிஃபயர் கடைசியில்தான் வர வேண்டும். ம்பகாங்காவில் மகோனா த்சோஹ்லே குழுவின் மார்க்ஸ் மங்குவானே வாசித்ததுபோன்ற பளிங்கான மின்கிதாருக்கு இது அதிகம் பாதிக்காது. கரகரப்பான டிஸ்டார்ஷன் ஒலிக்கு இதுவே உயிர். டிஸ்டார்ஷன் கருவிக்குள் இரண்டு சுரங்கள் சேர்ந்து நுழையும்போது அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலுமான புதிய ஒலிகள் பிறக்கின்றன. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே டிஸ்டார்ஷனோடு பதிவுசெய்த சாம்பிள்களை அடுக்கினால் அந்த உறவு பிறப்பதே இல்லை. ஒரு கிதார் கார்டு பிடிப்பதாகக் கேட்காமல், ஆறு கிதார்கள் ஆளுக்கொரு சுரம் வாசிப்பதாகக் கேட்கும். எனவே சுத்தமான ஒலியில் ஆறு தந்திகளையும் சேர்த்து, அந்தக் கூட்டை ஒரே ஆம்ப் மாதிரிக்குள் (ஆம்ப்ளிஃபயரைப் போலச் செய்யும் மென்பொருள்) அனுப்பி, அதன்பிறகு ஸ்பீக்கர்ப் பெட்டியின் குணத்தைப் பதிவாக எடுத்துவைத்த இம்பல்ஸ் பதிவைச் சேர்க்க வேண்டும். பெட்டியைச் சேர்க்க மறந்தால் மேல் அதிர்வுகள் வெட்டுப்படாமல் கொசு இரைவதுபோல் நிற்கும்.

இடத்திலும் வலத்திலும் இரண்டு கிதார்கள் வைத்து ஒலியை அகலமாக்கும் வழக்கத்திலும் இதே கவனம் வேண்டும். ஒரே மிடித் தடத்தைப் படியெடுத்து இரு பக்கமும் வைத்தால், அதே சாம்பிள்கள் அதே கணத்தில் ஒலித்து மீண்டும் நடுவிலேயே வந்து நிற்கும். சில மில்லி விநாடி தள்ளிவைத்தால் அகலம் வரும். ஆனால் மண்டப ஒலிபெருக்கிகள் பல இடங்களில் மோனோவில் ஓடுவதால், இரண்டும் கூடும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்று ஒலி மெலிந்துவிடும். இரண்டாவது தடத்தைக் கீபோர்டில் இன்னொரு முறை வாசித்துப் பதிவுசெய்து, கார்டின் பிடியையும் வேறு ஃப்ரெட்டுக்கு மாற்றி, தொகுப்பின் ரவுண்ட் ராபின் சுழற்சியையும் வேறு இடத்திலிருந்து தொடங்கவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். முடிந்தால் ஆம்ப் மாதிரியும் இரண்டுக்கும் வேறாக இருக்கட்டும்.